தில்லைப் பாலும் கீழாநெல்லிச் சாறும்



சிதம்பரத்துக்குத் தில்லை என்று ஒரு பழம்பெயர் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். தில்லை மரங்கள் அடர்ந்த காடாக அவ்விடம் ஒரு காலத்தில் இருந்தமையால் அப்பெயர் ஏற்பட்டது என்பர். நடராசப் பெருமான் கோயிலின் தலமரமும் தில்லையே. ஆனால், அந்த மரத்தைக் கண்ணாரக் கண்டவர்கள் உங்களுள் எத்தனை பேர்? தேரோடும் நான்கு வீதிகளையும் சுற்றி வந்தாலும் அது தென்படாது. ஊருக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்று, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பரந்து கிடக்கும் பிச்சாவரத்து உப்பங்கழியில் படகேறினால் அதனைக் காணலாம். சுமார் 1,100 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சதுப்புநிலக் காட்டில், சுரபுன்னையும் வெண்கண்டலும் நிற்கும் கூட்டத்தில் தில்லையும் ஒன்றாக நிற்கிறது. உதிர்வதற்கு முன் அதன் இலைகள் செந்நிறம் கொள்ளும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் பசுமையின் நடுவே யாரோ குங்குமத்தைத் தெளித்தது போலத் தோன்றும்.

எனக்குப் பத்து வயது இருக்கும்பொழுது என் தந்தையார் என்னை அங்கே அழைத்துச் சென்றார். அந்தச் சிவப்பைக் கண்டு ஆசைப்பட்டு, படகில் அமர்ந்தபடியே ஒரு கொத்தைப் பறிக்கக் கை நீட்டினேன். துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் துடுப்பை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அது தில்லை. அதன் பால் கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும், தொடாதே" என்றார். எனக்கு அவர்மேல் கோபந்தான் வந்தது. கல்லூரியில் தாவரவியல் படித்த நாளில்தான் அவருடைய சொல்லின் பெருமை விளங்கிற்று. அம்மரத்துக்கு லின்னேயஸ் வைத்த பெயர் எக்ஸ்கோகேரியா அகல்லோச்சா. அதன் முற்பகுதி, குருடாக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழியாக வந்தது. ஐரோப்பாவில் அமர்ந்து பெயரிட்ட அறிஞரும், பிச்சாவரத்தில் துடுப்புப் பிடித்த முதியவரும் ஒரே செய்தியைத்தான் சொல்லியிருக்கிறார்கள்! தில்லைப் பால் பட்ட தோல் கொப்புளிக்கும். கண்ணில் பட்டால் பார்வை சில காலம் மறையும். யாருக்கேனும் அப்படி நேர்ந்தால் நல்ல நீரை நிறைய விட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மானுக்குக் கால் உண்டு, ஓடுகிறது. நத்தைக்கு ஓடு உண்டு, ஒடுங்குகிறது. நின்ற இடத்திலேயே நிற்கவேண்டிய மரத்துக்கு இரசாயனமே காவல். புழுவையும் பூஞ்சையையும் ஆடு மாட்டையும் விலக்கி வைப்பதற்காகத் தாவரங்கள் ஆயிரக்கணக்கான பொருள்களைத் தம் உடலில் ஆக்கிக்கொள்கின்றன. ஓர் உயிரணுவை வருத்தவல்ல பொருள், அளவறிந்து கையாளப்பட்டால், நோய் செய்யும் உயிரணுவை மட்டும் வருத்தாதா? காட்டுச் செடிகளை மருந்துக்காகச் சோதிக்கும் முயற்சி அனைத்தும் இந்த ஒரு கேள்வியில் பிறந்தவையே. அந்த முயற்சி எவ்வாறு நடைபெறுகிறது, எங்கே ஏமாற்றுகிறது என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

பிச்சாவரத்துக்கு வடக்கே, வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் பறங்கிப்பேட்டை இருக்கிறது. 1929-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் அங்கே உள்ளது. பேராசிரியர் கதிரேசனும் அவரோடு உழைத்த பிரேமநாதன் முதலியோரும் கண்டல் இனச் செடிகளின் சாறுகள் வைரஸ்களை என்ன செய்கின்றன என்று 1990-களில் ஆராய்ந்தார்கள். அவர்களுடைய முடிவுகளுக்கு வருமுன், இத்தகைய வேலையின் நடைமுறையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில், செய்தித்தாளில் "புற்றுநோய்க்கு மூலிகை கண்டுபிடிப்பு" என்று நான்கு வரி படித்துவிட்டு நாம் மகிழ்ந்துபோகிறோம். அந்த நான்கு வரிக்குப் பின்னே உள்ள படிகள் எத்தனை, இன்னும் ஏறவேண்டிய படிகள் எத்தனை என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை.

முதற்படி, செடியை இன்னதென்று உறுதி செய்தல். இஃது எளிது என்று எண்ணாதீர்கள். பறித்த கிளையைப் பூவோடும் காயோடும் தாளில் அழுத்தி உலர்த்தி, பறித்த நாளும் இடமும் எழுதி, தாவரவியல் வல்லுநர் ஒருவரிடம் காட்டிப் பெயர் பெற்று, அந்தத் தாளைக் காப்பகத்தில் வைக்க வேண்டும். இருபது ஆண்டு கழித்து ஒருவர், "நீங்கள் சோதித்தது எந்தச் செடி?" என்று கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கு அதுவே சாட்சி. அந்தச் சாட்சி இல்லாத சோதனை, கையெழுத்து இல்லாத பத்திரம் போன்றது. இலையா பட்டையா வேரா, மழைக்காலமா கோடையா என்பதும் எழுதப்பட வேண்டும். ஒரே மரத்தில் பொருள்களின் அளவு பருவந்தோறும் மாறும்.

பிறகு இலையை நிழலில் உலர்த்திப் பொடியாக்குவார்கள். நம் வீட்டில் தேயிலையை வெந்நீரில் இட்டுச் சாறு இறக்குகிறோம் அல்லவா? அதே வேலையை ஆய்வுக்கூடத்தில் பல திரவங்களைக்கொண்டு செய்வர். எண்ணெய்ப் பசையுள்ள பொருள்களை ஹெக்சேன் கரைக்கும். வேறு சிலவற்றை மெத்தனால் கரைக்கும். இன்னும் சிலவற்றை நீர் மட்டுமே கரைக்கும். திரவத்தை ஆவியாக்கினால் அடியில் பிசின் போன்ற ஒரு பொருள் தங்கும். அதில் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்திருக்கும். மைக்கறை பட்ட ஒற்றுத்தாளின் ஓரத்தை நீரில் நனைத்தால், கறுப்பாகத் தெரிந்த மை நீலமாகவும் சிவப்பாகவும் பிரிந்து ஏறுவதை நீங்கள் விளையாட்டாகப் பார்த்திருப்பீர்கள். அந்த விளையாட்டின் வளர்ந்த வடிவமே குரோமட்டோகிராபி என்னும் பகுப்பு முறை. கலவையைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே சோதித்து, வேலை செய்யும் பகுதியை மட்டும் மீண்டும் பிரித்து, கடைசியில் ஒரே ஒரு பொருளில் வந்து நிற்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடுவது போன்ற பொறுமை இதற்கு வேண்டும். ஒரு பொருளுக்கு ஆண்டுக்கணக்கில் ஆனாலும் வியப்பில்லை.

சோதனைகளுள் எளியது கிருமிச் சோதனை. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மிகுதியாகச் செய்யப்படுவதும் அதுவே. கண்ணாடிக் கிண்ணத்தில் அகார் என்னும் கூழை ஊற்றி உறையவைத்து, அதன்மேல் கிருமிகளைப் பரப்பி, சாற்றில் தோய்த்த சிறு காகித வில்லையை நடுவில் வைப்பர். மறுநாள் கிண்ணம் முழுதும் கிருமி வளர்ந்து மங்கியிருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் ஒன்று தெரிந்தால், சாறு கிருமியைத் தடுத்தது என்று பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன், கடலூரில் நடைபெற்ற ஒரு மாணவர் அறிவியல் கண்காட்சிக்கு நடுவர்களுள் ஒருவனாகச் சென்றிருந்தேன். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, கழுதைமுள்ளி இலைச் சாற்றைக்கொண்டு செய்த கிண்ணங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். வட்டங்கள் அழகாக விழுந்திருந்தன. மற்ற நடுவர்கள் பாராட்டினார்கள். நான், "அம்மா, இலையை எதில் ஊறவைத்தாய்?" என்று கேட்டேன். "ஆல்கஹாலில், ஐயா" என்றாள். "இலையே இல்லாமல் ஆல்கஹாலை மட்டும் தோய்த்து வைத்த கிண்ணம் எங்கே?" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. அப்படி ஒன்று அவளிடம் இல்லை. வாசலில் எனக்காகக் காத்திருந்த அவளுடைய ஆசிரியை என்னை முறைத்துப் பார்த்ததும் எனக்கு நினைவிருக்கிறது. கண்காட்சி மூன்று நாள் நடந்தது. மூன்றாம் நாள் அந்தப் பெண் என்னைத் தேடி வந்து ஒரு புதிய கிண்ணத்தை நீட்டினாள். ஆல்கஹால் மட்டும் தோய்ந்த வில்லையைச் சுற்றியும் வட்டம் இருந்தது. இலைச் சாற்றின் வட்டத்தைவிடச் சிறிதுதான் குறைவு. "என் வட்டத்தில் பெரும்பகுதி இலையினுடையது அன்று, ஐயா" என்றாள். பரிசுப் பட்டியல் முன்னரே முடிவாகிவிட்டதால் அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் ஆசிரியனாக இருந்த எனக்கு, கண்காட்சிகளில் நான் கண்ட மிகச் சிறந்த கிண்ணம் அதுதான் என்று இன்றும் படுகிறது.

பிச்சாவரத்து மரங்களைச் சோதிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய வலை ஒன்று விரிக்கப்பட்டிருக்கிறது. கண்டல் இன மரங்களின் பட்டையில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிக அதிகம். தோல் பதனிடவும், மீன் வலைகளுக்குச் சாயம் ஏற்றவும் இப்பட்டை உதவியதற்குக் காரணம் அதுவே. டானின், புரதம் எதைக் கண்டாலும் போய் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. பாக்கை மென்றால் நாக்கு இறுகிப்போகிறதே, அஃது உமிழ்நீரின் புரதங்களை டானின் பிடித்துக்கொள்வதால் வருவது. அதே வேலையை அது கிருமியின் நொதியிடமும் செய்யும். மனிதனின் நொதியிடமும் செய்யும். சோதனைக் குழாயில் எதையும் முடக்கும் பொருள், உண்மையில் எந்த ஒன்றையும் குறிபார்த்து அடிக்கும் மருந்து அன்று. ஆகவே கவனமுள்ள ஆய்வுக்கூடங்களில், டானினை முதலில் நீக்கிவிட்டுப் பிறகே சோதனையைத் தொடங்குகிறார்கள். நீக்கிய பின்னும் வேலை செய்தால்தான் மேலே செல்வது. இந்த ஒரு படியால் வாடிப்போன நம்பிக்கைகள் பல.

இப்பொழுது பறங்கிப்பேட்டைக்குத் திரும்புவோம். ஜப்பானிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து அவர்கள் செய்த ஆய்வு 1996-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியாயிற்று. எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸ், உயிரணுவின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொண்டால்தான் உள்ளே நுழைய முடியும். கண்டல் இனச் சாறுகள் சில, அவ்வாறு ஒட்டுவதையே குழாயில் தடுத்தன. அவற்றுள் தில்லை இலையின் சாறும் ஒன்று. 1999-இல், சுரபுன்னை இனத்தைச் சேர்ந்த ரைசோபோரா அபிகுலேட்டா என்னும் மரத்தின் இலையிலிருந்து பிரித்த சர்க்கரைச் சங்கிலிப் பொருள் ஒன்று அதே வேலையைச் செய்வதாக அவர்கள் எழுதினார்கள். நம் ஊர் உப்பங்கழியில் நின்ற மரங்கள் உலக இதழ்களில் ஏறியது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இதற்கு ஓராண்டு முன்னர், 1995-இல், அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அதே தில்லையின் இலையையும் தண்டையும் ஆராய்ந்திருந்தார்கள். வடமேற்கு ஆஸ்திரேலியாவின் கரையில் சேகரித்தவை அவை. எச்.ஐ.வி.யைத் தடுக்கும் பொருளை அவர்கள் தனியே பிரித்தெடுத்து, அஃது ஒரு போர்பால் எஸ்டர் என்று கண்டார்கள். பெயர் புதிதாக இருக்கலாம்; இனம் நமக்குப் பழையது. கடும் பேதி மருந்தாக நாட்டு வைத்தியர்கள் அஞ்சி அஞ்சிக் கையாண்ட நேர்வாளக் கொட்டை உண்டே, அதன் எண்ணெயில் இருப்பவையும் போர்பால் எஸ்டர்களே. நேர்வாளமும் தில்லையும் ஒரே குடும்பத்துச் செடிகள். அந்த எண்ணெயைச் சுண்டெலியின் தோலில் தடவி வந்தால், முன்னரே விதைபோட்டிருந்த புற்று வளர்ந்துவிடுவதை விஞ்ஞானிகள் பல்லாண்டுகளாக அறிவார்கள். உயிரணுவுக்குள் இருக்கும் ஒரு பூட்டை இவ்வினப் பொருள்கள் திறக்கின்றன. அந்தப் பூட்டைத் திறந்தால் பல கதவுகள் ஒரே சமயத்தில் திறக்கும். எது வைரஸைத் தடுக்கிறதோ, அதன் உடன்பிறப்பே தோலைப் புண்ணாக்குகிறது, புற்றுக்கும் துணைபோகிறது. படகுக்காரப் பெரியவர் என் கையைப் பிடித்தது சரிதான்.

ஆனால், அந்த இனம் முழுவதும் தீயது என்று தள்ளிவிடவும் இயலாது. பசிபிக் பெருங்கடலில் சமோவாத் தீவின் மருத்துவப் பெண்கள், மஞ்சள் நோய்க்காக ஒரு மரத்தின் தண்டை இடித்துக் கொடுத்து வந்தார்கள். பால் காக்ஸ் என்னும் அமெரிக்கத் தாவரவியலார் அதனைக் குறித்துக்கொண்டு வந்து சோதனைக்குக் கொடுத்தார். 1992-இல் அதிலிருந்து பிரிக்கப்பட்ட புரோஸ்டிராட்டின் என்பது, தில்லையில் கண்ட பொருளுக்கு மிக நெருங்கிய உறவு. ஆயினும் புற்றை வளர்க்கும் குணம் அதற்கு இல்லை என்று கண்டார்கள். உடலில் ஒளிந்துகொண்டிருக்கும் எச்.ஐ.வி.யை வெளியே இழுத்துவிடும் ஆற்றலும் அதற்கு உண்டு. இன்றுவரை அது மருந்துக்கடைக்கு வந்து சேரவில்லை. அதே காக்ஸைப் பற்றிய வேறொரு செய்தி, தலைமையாசிரியனாக இருந்த எனக்கு இனிப்பானது. 1988-ஆம் ஆண்டளவில் ஃபலேயாலுபோ என்னும் கிராமத்தார், பள்ளிக்கூடம் கட்டுவதற்குப் பணம் இல்லாமல் தங்கள் காட்டை மரக்கம்பெனிக்கு விற்கும் நிலையில் இருந்தார்கள். காக்ஸ் பள்ளிக்கான பணத்தைத் திரட்டிக் கொடுத்தார், காடு தப்பியது. பின்னர், மருந்தால் வருவாய் வந்தால் அதில் சமோவாவுக்கும் பங்கு உண்டு என்று உடன்படிக்கைகள் எழுதப்பட்டன. நம் நாட்டிலும் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இத்தகைய பங்கைப் பற்றிப் பேசுகிறது.

காட்டை விட்டு வயலுக்கு வருவோம். பிச்சாவரத்துச் சாறுகள் சோதனைக் குழாயைத் தாண்டி மனிதரிடம் வந்து மருந்தாகவில்லை. மனிதரிடம் வரை வந்த நம் நாட்டுச் செடி ஒன்று உண்டு. அதை நீங்கள் நாள்தோறும் மிதித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறீர்கள். இலைக்காம்பின் கீழே நெல்லிபோல் குறுங்காய்கள் வரிசையாகத் தொங்குவதால் கீழ்க்காய்நெல்லி என்றும், கீழாநெல்லி என்றும் அதனை வழங்குகிறோம். மஞ்சள் காமாலை என்றதும் தமிழ்நாட்டில் யாரும் சொல்லும் முதற்பெயர் அது.

நானும் சொன்னேன். அதனை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. 2005-ஆம் ஆண்டு ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் மாவட்டத்தில் பெருமழை பெய்து வயல்களும் தெருக்களும் நீரில் கிடந்தன. நான் அப்பொழுது சிதம்பரத்தை அடுத்த ஒரு பள்ளியில் தலைமையாசிரியன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் காய்ச்சலோடு வந்து நின்றான். கண் மஞ்சளாக இருந்தது. வெள்ளை விழியில் சிவப்பும் ஓடியிருந்தது. கெண்டைக்கால் வலிக்கிறது என்று நொண்டினான். அவனுடைய தாயார், "ஐயா, கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்கிறேன், மூன்று நாளில் இறங்கிவிடும்" என்றார். "கொடுங்கள் அம்மா, எனக்கும் சிறு வயதில் என் தாயார் அதைத்தான் கொடுத்தார்" என்று நான் வழிமொழிந்தேன். வாத்தியார் வாயிலிருந்து வந்த சொல்லுக்குக் கிராமத்தில் எவ்வளவு எடை உண்டு என்பது எனக்குத் தெரியாதா? நான்காம் நாள் பையனுக்குச் சிறுநீர் நின்றுபோயிற்று. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த மருத்துவர் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். தேங்கிய நீரில் நடந்தானா என்று கேட்டார். அது வைரஸால் வந்த காமாலை அன்று, எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாக ஏறும் பாக்டீரியா செய்யும் வேலை. ஈரலையும் சிறுநீரகத்தையும் அது தாக்கும். பென்சிலின் அதற்குக் கேட்கும். காலத்தில் போட்டால் எளிதாகவே கேட்கும். "மூன்று நாள் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே" என்று மட்டும் அவர் சொன்னார். யாரையும் கடிந்துகொள்ளவில்லை. பையன் இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தான். அந்த இரண்டு வாரமும் நான் தூங்கிய இரவுகள் சில.

என் தவறு எங்கே இருந்தது என்று பலநாள் எண்ணிப் பார்த்தேன். சிறுவயதில் எனக்குக் காமாலை வந்தது உண்மை, கீழாநெல்லி குடித்தது உண்மை, குணமானதும் உண்மை. மூன்று உண்மைகளைச் சேர்த்து நான் ஒரு பொய்யைக் கட்டிவிட்டேன். அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடுவது. அந்நேரத்தில் எதைக் குடித்தாலும் குடித்ததற்குப் பெயர் கிடைக்கும். கீழாநெல்லி குடித்தவர்கள் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று மட்டும் நான் எண்ணினேன். குடிக்காதவர்களுள் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணவில்லை. கண்காட்சியில் அந்தப் பெண்ணிடம் நான் கேட்ட வெறும் ஆல்கஹால் கிண்ணத்தை, என்னிடம் நானே கேட்டிருக்கவில்லை.

அந்தக் கிண்ணத்தை முறையாகக் கேட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். எஸ். பி. தியாகராசனும் அவருடைய குழுவினரும், கீழாநெல்லிச் சாறு ஈரல் அழற்சி பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைக் குழாயில் செயலிழக்கச் செய்கிறது என்று 1982-இல் எழுதினார்கள். அந்த வைரஸைக் கண்டறிந்த பணிக்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளும்பர்க் இதில் ஆர்வம் கொண்டார். அவருடைய அமெரிக்க ஆய்வுக்கூடத்தில், வுட்சக் என்னும் கொறிவிலங்குக்கு வரும் இதே இன வைரஸின்மீது சாறு சோதிக்கப்பட்டது, நற்குறிகள் தெரிந்தன. அச்செய்தி 1987-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, இலண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் இதழில் சென்னைச் சோதனையின் முடிவு அச்சாயிற்று. நோய்க்குறி வெளியே தெரியாமல் வைரஸை நெடுநாள் உடலில் சுமப்பவர்களுக்கு 30 நாள் மருந்து கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குச் செடியின் பொடி. மற்றவர்களுக்குப் பார்வைக்கு மருந்துபோல் இருக்கும் வெற்றுப் பொருள். பொடி உண்ட 37 பேருள் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் அந்தப் புரதம் மறைந்தது. வெற்றுப் பொருள் உண்ட 23 பேருள் ஒருவருக்கே மறைந்தது. நூற்றுக்கு 59 எங்கே, 4 எங்கே! நாடெங்கும் பெருமகிழ்ச்சி. கீழாநெல்லியின் பெயர் போட்ட மருந்துகள் கடைகளில் பெருகின.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். விஞ்ஞானத்தில் ஒருவர் கண்டதை மற்றொருவரும் காண வேண்டும். தாய்லாந்தில் இதே செடியைக் கொடுத்துப் பார்த்தவர்கள், வைரஸ் அகலவில்லை என்று 1990-இல் அதே லான்செட் இதழில் எழுதினார்கள். வேறு நாடுகளிலும் சென்னை முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. உலகில் நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டிச் சீர்தூக்கிய ஓர் ஆய்வு, இவ்வினச் செடிகள் நாட்பட்ட ஈரல் அழற்சி பி நோய்க்குப் பயன்படும் என்று நம்பத்தக்க சான்று இல்லை என்று 2011-இல் கூறிற்று. இதனால் சென்னை ஆய்வாளர்களை யாரும் குறைகூற வேண்டியதில்லை. தம் நம்பிக்கையை எண்ணாக்கி, பிறர் சோதித்துப் பார்க்கும்படி உலகின் முன் வைத்தார்களே, அந்தத் துணிவு எல்லாருக்கும் வாய்ப்பதன்று. "பயன் உண்டு, பாட்டி சொன்னாள்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது மிக எளிது.

வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? செடியே வேறாக இருந்திருக்கலாமா என்றும் கேட்டார்கள். முதற்படியைப் பற்றி நான் ஏன் அவ்வளவு நேரம் பேசினேன் என்பது இப்பொழுது விளங்கும். 1987-ஆம் ஆண்டுக் கட்டுரையில் செடியின் பெயர் ஃபில்லாந்தஸ் நிரூரி; 1988-இல் ஃபில்லாந்தஸ் அமாரஸ். நம் நாட்டு நூல்களில் நெடுங்காலம் நிரூரி என்று எழுதி வந்தது ஒரே செடியை அன்று, அமாரஸ் முதலிய வெவ்வேறு இனங்களை என்று இந்தியத் தாவரவியலார் 1985-இல்தான் தெளிவாக்கியிருந்தார்கள். கடலூர்ப் பக்கத்து வரப்பு ஒன்றில் அரைமணி நேரம் குனிந்து பாருங்கள்; கீழாநெல்லி என்று நாம் சொல்லும் உருவத்தில் இரண்டு மூன்று வகைகள் உங்களுக்கே அகப்படும். ஒன்றன் காம்பு சிவந்திருக்கும். ஒன்றன் இலை நீண்டிருக்கும். சந்தையில் கட்டாக வாங்கும்பொழுது எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று யார் அறிவார்?

புளும்பர்க்கைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. வைரஸைக் கண்டபின் அவரும் மில்மனும் அதற்குத் தடுப்பூசி செய்யும் வழியையும் கண்டார்கள். செடி தராத வெற்றியை ஊசி தந்தது. இன்று நம் அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்கு அந்த நோய்க்கான தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது.

செடிகளே பயனற்றவை என்று நான் சொல்வதாகக் கருதிவிடாதீர்கள். கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணலில் யாரும் நடாமல், நீர் வார்க்காமல் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு அது நல்லது என்று ஜமைக்காத் தீவில் அதன் இலையைக் காய்ச்சிக் குடித்தார்கள். நம் ஊர்களிலும் பூவை மெல்லுபவர்கள் உண்டு. 1952-இல் ஓர் உறைக்குள் கனடாவுக்கு வந்து சேர்ந்த அந்த இலைகளை இராபர்ட் நோபிள் சோதித்தார். எலிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார், சர்க்கரை குறையவில்லை. ஊசி வழியாகச் செலுத்தினார். எலிகள் கிருமி தாக்கி இறந்தன. மற்றொருவராயின் அத்தோடு குப்பையில் போட்டிருப்பார். நோபிள் எலிகளின் இரத்தத்தை எடுத்து எண்ணினார். வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. வெள்ளை அணுக்கள் கட்டின்றிப் பெருகுவதுதானே இரத்தப் புற்று! அவரும் சார்லஸ் பீரும் 1958-இல் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தளித்தார்கள். அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டின் 1963 முதல் இரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. முன்பெல்லாம் பிழைக்காத குழந்தைகள் பலர், பிற மருந்துகளோடு இதுவும் சேர்ந்ததால் பிழைக்கிறார்கள். ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். சர்க்கரைக்கென்று அந்தப் பூவை வெறும் வயிற்றில் மெல்பவர்கள், எலிகளுக்கு நேர்ந்ததை ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம்.

எலிக்காய்ச்சலிலிருந்து மீண்ட அந்த மாணவன் இப்பொழுது முப்பது வயதைக் கடந்துவிட்டான். கொள்ளிடக் கரையில் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான்; பொங்கல்தோறும் வந்து என்னைக் காண்பான். சென்ற ஆண்டு நான் அவன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். கிணற்றடியில் கீழாநெல்லி செழித்து வளர்ந்திருந்தது. அவனுடைய தாயார் என் பார்வை போன இடத்தைக் கண்டுகொண்டு, "இப்பவும் அரைத்துக் கொடுக்கிறேன், ஐயா, ஆனால் முதலில் இரத்தம் சோதித்துவிட்டு வரச்சொல்லி அனுப்புகிறேன்" என்றார். பிறகு உள்ளே சென்று, எனக்கு மோர் கொண்டுவந்தார். அதில் இலை ஒன்றும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.